அப்பா நின்ற வேலை, நான் உட்காரும் வேலை

என் அப்பா 31 வருடம் மும்பையின் பெஸ்ட் நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். அதில் பாதிக் காலம் டபுள் டெக்கரில். அப்போது மும்பை டபுள் டெக்கரில் கண்டக்டர் இரண்டு பேர் இருந்தார்கள், கீழே ஒருவர், மாடியில் ஒருவர். ஷிப்டு முழுக்க நிற்பதும் நடப்பதும்தான் வேலை. ராத்திரி வந்ததும் அம்மா வெந்நீரில் உப்புப் போட்டு வைப்பார். அப்பா அதில் காலை வைத்துக்கொண்டு, "நீயாவது படிச்சு உக்காந்து வேலை பாரு, பிள்ள" என்பார். எங்கள் சயான் கோலிவாடா வீட்டில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் அதுதான்.

அவர் ஆசைப்பட்ட மாதிரியே வேலை கிடைத்தது. இன்சூரன்ஸ் கிளெய்ம் சரிபார்ப்பது, பதினேழு வருடமாக. போன மாதம் ரத்தப் பரிசோதனையில் என் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு, 6.2 சதவீதம். சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். எனக்கு 42 வயது. அப்பாவுக்கு 74, சர்க்கரை கிடையாது, மூன்று மாடி நிற்காமல் ஏறுகிறார்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உட்காருகிறீர்கள்?" எனக்குத் தெரியவில்லை. ஒரு புதன்கிழமை குறித்துவைத்துக் கூட்டிப் பார்த்தேன். ஆபீஸ் வேலை, சாப்பாடு, ராத்திரி சோபாவில் ஃபோன், எல்லாம் சேர்த்து 11 மணி நேரம். அன்றைக்குக் காலையில் 40 நிமிடம் நடந்திருந்தேன். வாரத்தில் ஐந்து நாள் நடக்கிறேன், அப்புறம் எப்படி இது வந்தது என்பதுதான் என் குழப்பம்.

நம்மில் பலரும் நினைப்பது இப்படித்தான்: காலையில் நடந்துவிட்டால் அன்றைய கணக்கு தீர்ந்தது. உடம்பு அப்படிக் கணக்கு வைப்பதில்லை. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு இழுத்துக்கொள்வது தசைகள், அதிலும் தொடை, கெண்டைக்கால் போன்ற பெரிய தசைகள். உட்கார்ந்தே இருக்கும்போது அவை ஏறக்குறைய சும்மா கிடக்கின்றன. காலிலிருந்து ரத்தத்தை மேலே தள்ளுவதும் கெண்டைக்கால் தசைதான், அது அசையாவிட்டால் ரத்தம் கீழேயே தேங்குகிறது. சாயங்காலம் என் கணுக்காலில் சாக்ஸ் தடம் ஆழமாகப் பதிந்திருப்பது இதனால்தான் என்று இப்போதுதான் புரிகிறது.

2016இல் லான்செட் மருத்துவ இதழில், பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவலைத் தொகுத்து ஓர் ஆய்வு வந்தது. நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் உட்காருபவர்கள் அதன் ஆபத்தை ஈடுகட்ட, தினமும் 60 முதல் 75 நிமிடம் மிதமான உடற்பயிற்சி தேவைப்படுகிறது என்பது அதில் தெரிந்தது. என் 40 நிமிடம் போதாது. குழந்தை, சமையல், லாகின் என்று ஓடுகிற வீட்டில் தினமும் 75 நிமிடத்துக்கு எங்கே போவது?

அதனால் எனக்கு நம்பிக்கை தந்தது இன்னொரு ஆய்வு. 2023இல் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செய்தது, 11 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து 5 நிமிடம் மெதுவாக நடந்த நாளில், சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரை பாதிக்கும் மேல் குறைந்தது. ரத்த அழுத்தமும் குறைந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில்தான், வாரம் 150 முதல் 300 நிமிடப் பயிற்சியோடு, உட்காரும் நேரத்தையே குறையுங்கள் என்று முதல்முறையாகத் தனியாகச் சொன்னது.

இதையெல்லாம் படிக்கும்போதுதான் ஜெர்ரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டரைப் பற்றித் தெரிந்தது. படித்ததும் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். லண்டன் டபுள் டெக்கர் ஊழியர்களை ஆராய்ந்து 1953இல் அவர் எழுதினார்: உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட, ஷிப்டுக்கு 500, 600 படி ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. டிரைவர்களுக்கு வேலையில் சேரும்போதே இடுப்பளவு பெரிதாக இருந்ததா என்று சீருடை அளவுகளைக்கூட அவர் பின்னால் தேடிப் பார்த்தார். பெரிதாகத்தான் இருந்தது. ஆக, வித்தியாசம் முழுவதும் படிக்கட்டால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் நடந்து கடிதம் கொடுக்கும் தபால்காரர்களுக்கும், உட்கார்ந்து வேலை செய்யும் எழுத்தர்களுக்கும் இடையிலும் அதே போக்கைத்தான் கண்டார். அப்பா கேட்டுவிட்டு, "எங்க டிரைவர் பலபேருக்கு அப்பவே தொப்பைதான்" என்றார்.

நாள் முழுக்க நிற்பது நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அப்பாவின் காலில் நரம்பு சுருண்டு கிடக்கிறது, அந்த வலியும் அவரோடு இருக்கிறது. ஒரே நிலையில் உடம்பைக் கட்டிப்போடுவதுதான் பிரச்சினை.

2020க்கு முன்னால் நான் சயானில் ரயில் ஏறி, தாதரில் இறங்கி, பாலம் ஏறி மேற்கு ரயில் பாதைக்குப் போய், அந்தேரியில் இறங்கி நடப்பேன். போக வர நான்கு பாலம். பாதி நாள் உட்கார இடம் கிடைக்காது. அந்தக் கூட்டத்தை நான் எவ்வளவு வெறுத்தேன்! வீட்டிலிருந்தே வேலை என்றதும் சந்தோஷப்பட்டேன். இப்போது படுக்கையிலிருந்து மேசைக்கு எட்டு அடி. என்னை அறியாமல் நடந்த அத்தனை நடையும் ஒரே நாளில் நின்றுபோனது, அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

கண்ணைப் பற்றி ஒன்று மட்டும். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைகிறது, கண் காய்ந்து எரிகிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி இருப்பதை 20 விநாடி பாருங்கள் என்கிறார்கள். எங்கள் வீட்டுக்குள் 20 அடி தூரமே கிடையாது. எழுந்து கதவைத் தாண்டி வெளியே வந்தால்தான் உண்டு. அதனால் கண்ணுக்கான விதி எனக்குக் காலுக்கும் உதவுகிறது.

நான் கோபப்படும் இடம் வேறு. எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் 5 நிமிடம் மவுஸ் அசையாவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். மாதக் கடைசியில் மஞ்சள் நிமிடங்களைக் கூட்டிக் காட்டுவார்கள். தண்ணீர் பிடிக்கப் போகவே தயங்கும் பெண்களை எனக்குத் தெரியும். இந்தியாவில் 2022இல் பெண்களில் 57 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 42 சதவீதம் பேருக்கும் போதிய உடலசைவு இல்லை என்று லான்செட் குளோபல் ஹெல்த் கணக்கு சொல்கிறது. இதைச் சோம்பல் என்று சொல்பவர்கள் அந்தப் புள்ளிக்கு முன்னால் ஒருநாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எழுந்து நடக்கும் 5 நிமிடமும் வேலை நேரம்தான். ஆபீஸ்தான் அதைத் தர வேண்டும்.

இப்போது அப்பா எனக்கு உதவுகிறார். அரை மணிக்கு ஒருமுறை வந்து மேசையில் இரண்டு தரம் தட்டுவார். பஸ்ஸில் மணிக்கயிறை இரண்டு தரம் இழுத்தால் வண்டி கிளம்ப வேண்டும். நானும் எழுந்து படிக்கட்டு வரை போய் வருகிறேன்.

போன வாரம் என் மேலாளரிடம் இரண்டு விஷயம் கேட்டேன். திரையில் எதுவும் காட்ட வேண்டாத கூட்டங்களை ஃபோனில் நடந்துகொண்டே பேச அனுமதி. சரி என்றுவிட்டார், எங்கள் குழுவில் ஆறு பேர் அப்படித்தான் பேசுகிறோம். இன்னொன்று, புள்ளி மஞ்சளாகும் அந்த 5 நிமிடத்தைப் பத்தாக்க வேண்டும். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை, திங்கள்கிழமை மறுபடி கேட்பேன். உங்கள் ஆபீசில் இதை யாராவது கேட்டு வாங்கியிருந்தால், எப்படிக் கேட்டீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்.