மனநல சிகிச்சைக்குக் காப்புறுதி தேவையில்லை

"காப்புறுதி இல்லாதவர்கள் இனி அரச வைத்தியசாலை மனநல கிளினிக்கில் பணம் கட்ட வேண்டும்" என்ற வாட்ஸ்அப் செய்தி திருகோணமலை, மூதூர், கிண்ணியாப் பகுதிகளில் பரவி வருகிறது. இது உண்மையல்ல. இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் மனநல சிகிச்சையும் ஏனைய நோய்களுக்கான சிகிச்சையைப் போலவே இலவசமாக வழங்கப்படுகிறது. கிளினிக் கொப்பியோடு வருபவரிடம் காப்புறுதிப் பத்திரம் கேட்கப்படுவதில்லை. 2022 பொருளாதார நெருக்கடியின்போது மருந்துத் தட்டுப்பாட்டினால், துண்டு எழுதிக் கொடுத்து வெளி மருந்தகத்தில் வாங்கச் சொன்ன அனுபவம் பலருக்கு உண்டு. அது வைத்தியசாலை அறவிடும் கட்டணம் அல்ல.

அன்றாட உழைப்பை நம்பிக் கடலுக்குப் போகும் குடும்பங்கள், செலவுக்கு அஞ்சி மாதாந்த கிளினிக்கைத் தவறவிடக்கூடும் என்பதே பெருங்கவலை. ஏனெனில் உளச்சிதைவு, இருமுனையப் பிறழ்வு போன்ற மனநோய்களுக்கான மருந்தைத் திடீரென நிறுத்தினால், நன்றாகத் தேறி வந்தவருக்கும் நோய் மீண்டும் தலைதூக்கும் அபாயம் அதிகம்.

சந்தேகம் இருப்பின் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ, உங்கள் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ நேரில் விசாரியுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தையும் எந்நேரமும் அழைக்கலாம். தயவுசெய்து அச்செய்தியை மேலும் பகிராதீர்கள். உங்களுக்கு அனுப்பியவருக்கு இவ்விளக்கத்தைத் தெரியப்படுத்துங்கள்.