அம்மாவை நான் எங்கேயும் சேர்க்கவில்லை

"அம்மாவை எங்க சேர்த்திருக்க?" என்று இதுவரை பத்துப் பேராவது கேட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள், ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். என் அம்மாவை நான் எங்கேயும் சேர்க்கவில்லை. 74 வயதில் அவரே மூத்தவர்களுக்கான ஏழு குடியிருப்புகளைப் போய்ப் பார்த்தார், ஆறை வேண்டாம் என்றார், ஏழாவதில் கையெழுத்துப் போட்டார். நான் கார் ஓட்டினேன். அவ்வளவுதான் என் பங்கு.

இது முதியோர் இல்லமும் இல்லை. தானே குளித்து, தானே மாத்திரை எடுத்துப் போட்டுக்கொண்டு, தானே வெளியே போய்வர முடிகிறவர்களுக்கான தனி வீடு. பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். ரிப்பேர், காவல், தோட்டம், வேண்டுமென்றால் சாப்பாடு, இதெல்லாம் நிர்வாகத்தின் வேலை. குளிக்கவும் உடுத்தவும் ஆள் துணை தேவைப்படுகிறவர்களுக்கான இடம் வேறு. நாள் முழுக்க நர்ஸ் இருக்கும் இடம் வேறு. மறதி நோய் உள்ளவர்களுக்கான பகுதி வேறு. விற்க வருகிறவர்கள் இதையெல்லாம் ஒன்றாகக் குழைத்துப் பேசுவார்கள். நாம்தான் பிரித்துக் கேட்க வேண்டும்.

ஆரம்பத்தில் நானும் அக்காவும்தான் தேடினோம். எக்செல் ஷீட் ஒன்று போட்டேன். மாதச் செலவு, டெபாசிட், ஆஸ்பத்திரி தூரம், என் வீட்டிலிருந்து தூரம், அக்கா வந்தால் தங்க வசதி. பெருமையாக அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். "உனக்கு எது பக்கம், அவளுக்கு எது பக்கம்னு போட்டிருக்க. எனக்கு எது பக்கம்?" என்றார். அவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியவை ஒரு நூலகம், நடக்க ஒரு சமதளமான பாதை, இரண்டு சிநேகிதிகள். என் ஷீட்டில் மூன்றுக்குமே இடம் இல்லை.

விளம்பரப் புத்தகங்கள் மேசையில் குவிந்தன. நீச்சல்குளம், ஜிம், சிரித்தபடி கைகோத்து நடக்கும் வெள்ளைமுடித் தம்பதி. இந்தப் பாணி புதிதில்லை. 1960 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில் டெல் வெப் என்ற கட்டுமானத் தொழிலதிபர் சன் சிட்டி என்ற முதியோர் நகரைத் திறந்தார். கோல்ஃப் மைதானமும் ஐந்து மாதிரி வீடுகளும் தயாராக இருந்தன. அந்த வார இறுதியில் மட்டும் சுமார் ஒரு லட்சம் பேர் பார்க்க வந்தார்கள். ஓய்வுக்காலம் என்றால் உல்லாசம் என்று அன்று விற்றதைத்தான் இன்றும் விற்கிறார்கள். தப்பில்லை. ஆனால் நீச்சல்குளத்தைப் பார்த்து மயங்கியது நான். அம்மாவுக்கு நீச்சலே தெரியாது.

அம்மா நேராகக் குளியலறைக்குத்தான் போவார். மூன்றாவதாகப் பார்த்த இடத்தில் கழிப்பறைக்குப் பக்கத்தில் சிவப்புக் கயிறு ஒன்று தொங்கியது. அவசரத்துக்கு இழுத்தால் அலுவலகத்தில் மணி அடிக்கும். சுத்தம் செய்யும்போது ஈரமாகிறது என்று யாரோ அதைச் சுருட்டி, இடுப்பு உயரத்தில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். "விழுந்து தரையில கிடக்கிறவ இதை எப்படிப்பா இழுப்பா?" என்று கூட வந்த இளைஞரைக் கேட்டார். அவர் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே கயிறை இழுத்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "நீ சும்மா இருடா" என்றார். ஆள் வந்து சேர பதினோரு நிமிடம் ஆனது. அதுவும் பட்டப்பகலில், எங்களைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில்.

அது சின்ன விஷயம் இல்லை. உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம். அதனால் அளவுநாடாவும் கையோடு வந்தது. சக்கர நாற்காலி நுழைய வாசலில் குறைந்தது 32 அங்குலம் தடையில்லாத இடைவெளி வேண்டும். அது சுற்றித் திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டும். சாய்தளம் ஓர் அடி உயர 12 அடியாவது நீள வேண்டும். இன்று நன்றாக நடக்கிறவருக்கு எதற்கு இதெல்லாம் என்று ஒரு மேலாளர் சிரித்தார். அந்த இடம் அப்போதே பட்டியலிலிருந்து போனது.

இரண்டாவது முறை போகும்போது சொல்லாமல் போங்கள், சாப்பாட்டு நேரத்தில் போங்கள். இதுவும் அம்மா கண்டுபிடித்ததுதான். யார் யாரோடு உட்காருகிறார்கள், புதிதாக வந்தவரை யாராவது கூப்பிடுகிறார்களா, பணியாளர்கள் பெயர் சொல்லிப் பேசுகிறார்களா, எல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அங்கே குடியிருப்பவர்களிடம் அம்மா கேட்டது ஒரே கேள்வி: "கடைசியா இங்கேர்ந்து காலி பண்ணவங்க எங்க போனாங்க?" ஓரிடத்தில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னோர் இடத்தில் ஒரு பெரியவர், காலி செய்தவருக்குப் பக்கவாதம் வந்தது, பின்பக்கக் கட்டடத்திலேயே பராமரிப்புப் பிரிவு இருக்கிறது, மாலையில் நாங்கள் போய்ச் சீட்டாடுவோம் என்றார். முடிந்தால் விருந்தினர் அறையில் மூன்று நாள் காசு கொடுத்துத் தங்கிப் பாருங்கள். ராத்திரி எப்படி இருக்கிறது என்பது பகலில் தெரியாது.

அப்புறம் ஒப்பந்தம். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வீட்டை விலைக்கு வாங்குகிறோமா, நீண்ட காலக் குத்தகையா, வாழும்வரை இருக்கும் உரிமை மட்டுமா? பேச்சில் மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும். மாதக் கட்டணத்தை யார், எதை வைத்து ஏற்றுவார்கள்? இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தால் அதற்கும் கட்ட வேண்டுமா? தம்பதியில் ஒருவர் போய்விட்டால் மற்றவரின் நிலை என்ன? துணைக்கு ஒரு ஆளை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா? காலி செய்தால் டெபாசிட் எத்தனை மாதத்தில் திரும்பும்? நமக்குப் பின் வீடு விற்கிறவரை பிள்ளைகள் கட்டணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா, விற்கும் விலையில் நிர்வாகத்துக்குப் பங்கு உண்டா?

எங்களுக்குக் கிட்டத்தட்ட முடிவான ஓர் இடத்தின் ஒப்பந்தத்தில், குடியிருப்பவர் தன் வேலைகளைத் தானே செய்ய முடியாதவர் என்று நிர்வாகம் கருதினால் 30 நாளில் காலி செய்ய வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. யார் கருதுவார்கள், மருத்துவர் சொல்ல வேண்டுமா, மறுத்துப் பேச வழி உண்டா, ஒன்றும் இல்லை. அக்காவும் நானும் படித்துவிட்டுத் தாண்டிப் போன வரி அது. அம்மா பென்சிலால் அடிக்கோடு போட்டு வைத்திருந்தார். அந்தக் காகிதங்களை ஒரு வக்கீலிடம் காட்டக் கொடுத்த பணம் வீண் இல்லை.

1976இல் எலன் லேங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் செய்த ஆய்வு பிரபலம். ஒரு மாடியில் இருந்தவர்களிடம் உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது, எந்த நாள் படம் பார்ப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார்கள். ஒரு செடியைக் கொடுத்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இன்னொரு மாடியில் இருந்தவர்களுக்கும் செடி கொடுத்தார்கள், ஆனால் தண்ணீர் ஊற்றுவது நர்ஸ். முதல் மாடிக்காரர்கள் உற்சாகமாகவும் சுறுசுறுப்பாகவும் ஆனார்கள். அவர்களில் இறந்தவர்களும் குறைவு என்று அடுத்த வருடம் எழுதினார்கள். அந்த இறப்புக் கணக்கில் பிழை இருந்ததென்று பின்னால் அவர்களே திருத்தம் வெளியிட்டார்கள், அதனால் அதைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்ற விஷயம் மட்டும் என் மனதில் நின்றுவிட்டது. நானும் அக்காவும் ஷீட் போட்டபோது செய்தது நர்ஸ் வேலைதான்.

எல்லாருக்கும் இது வாய்க்காது, தெரியும். நினைவு தப்பிய பிறகு, இடுப்பெலும்பு உடைந்த பிறகு தேடினால் பிள்ளைகள்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கும். அதனால்தான் சொல்கிறேன், அவர்கள் ஏழு இடம் ஏறி இறங்கும் தெம்போடு இருக்கும்போதே பேச்சை எடுங்கள். என்னைத் துரத்தப் பார்க்கிறாயா என்று கோபம் வரும். எங்கள் வீட்டிலும் வந்தது. இரண்டு மாதம் அந்தப் பேச்சையே விட்டோம். மூன்றாவது மாதம் அம்மாவே எடுத்தார்.

போன ஞாயிறு போயிருந்தேன். வீடு பூட்டிக் கிடந்தது, போனையும் எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சிநேகிதியோடு பேசிக்கொண்டே மெதுவாக வந்தார். "ஒரு போன் பண்ணிட்டு வரக்கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே பையில் சாவியைத் தேடினார்.