பாட்டிக்கு அழைப்பு மணி எப்படிக் கேட்டது?

"பாட்டி ஏழாம் பக்கத்திலேயே காது மிஷினைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். எட்டாம் பக்கத்தில் அழைப்பு மணி அவருக்கு எப்படிக் கேட்டது?"

கேட்டவள் என் மகள். வயது பத்து. எங்கள் கதையில் வரும் பாட்டியைப் பற்றி நான்கு இரவு கண் விழித்து நான் எழுதிய அத்தியாயம் அந்த ஒரு கேள்வியில் பொத்தென்று விழுந்தது. கணவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

மூன்று மாதங்களாக நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு துப்பறியும் கதை எழுதிக்கொண்டிருக்கிறோம். நான், கணவர், பதினைந்து வயது மகன், இந்த மகள், என் மாமியார். திருட்டுப்போனது ஒரு மோதிரம். "குடும்பமாக எழுதுவதற்குத் திருட்டும் கொலையும்தான் கிடைத்ததா, நல்லதாக ஒரு குடும்பக் கதை எழுதக்கூடாதா?" என்று கேட்கிறார்கள். எழுதிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்: குடும்பக் கதையைக் குடும்பமாக எழுதவே முடியாது. எனக்குப் பிடித்திருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்கு மேல் அங்கே பேச்சு நகராது. கடைசியில் வீட்டில் யாருடைய குரல் பெரிதோ, அவருடைய கதையாகிவிடும். துப்பறியும் கதையில் அந்தப் பாச்சா பலிக்காது. சாவி அறைக்கு உள்ளே இருந்ததா, வெளியே இருந்ததா என்பதில் அப்பாவுக்கென்று தனிச் சலுகை கிடையாது. காது மிஷின் மேசைமேல் இருந்தால் இருந்ததுதான்.

ஆளுக்கொரு அத்தியாயம் என்று பங்கு போட்டுக்கொண்டு முடிவு தெரியாமல் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் ஆள் மூட்டையாக மர்மத்தைக் கட்டி வைத்துவிட்டுப் போவார், அதை அவிழ்க்கும் பாவம் கடைசி ஆள் தலையில் விழும். 1931இல் பிரிட்டனின் துப்பறியும் கதை எழுத்தாளர் சங்கமான டிடெக்‌ஷன் கிளப்பைச் சேர்ந்தவர்கள் அத்தியாயத்துக்கு ஒருவராக ஒரு நாவல் எழுதினார்கள். ஆனால் அவரவர் அத்தியாயத்தோடு, மர்மத்துக்குத் தாம் நினைத்திருக்கும் விடையையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டார்கள். தொழில் தெரிந்தவர்களுக்கே அந்தக் கடிவாளம் தேவைப்பட்டிருக்கிறது.

வேலையைப் பிரித்துக்கொள்வது வேறு. 1929இல் முதல் நாவலை வெளியிட்ட அமெரிக்கத் துப்பறியும் எழுத்தாளர் எல்லரி குவீன் ஓர் ஆள் அல்ல. பிரெடரிக் டானே, மான்ஃபிரெட் லீ என்ற ஒன்றுவிட்ட சகோதரர்கள் இருவர். பெரும்பாலும் டானே கதைத்திட்டம் போடுவார், லீ எழுதுவார். கடிதத்தில் கடுமையாகச் சண்டை போட்டுக்கொள்வார்கள், புத்தகமும் வந்துகொண்டே இருக்கும். ஸ்வீடனில் இணையராக வாழ்ந்த மாய் ஷோவாலும் பெர் வாலோவும் குழந்தைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து, அத்தியாயங்களை மாற்றி மாற்றி எழுதி, 1965 முதல் 1975 வரை பத்து நாவல்களை முடித்தார்கள். எங்கள் வீட்டில் குழந்தைகள் தூங்கிவிட்டால் கதையே நகராது என்பது வேறு விஷயம்.

சண்டை எங்களுக்கும் வந்தது. திருடனுக்கு இரட்டைச் சகோதரன் இருந்தான் என்று கடைசி அத்தியாயத்தில் போடலாம் என்றான் மகன். ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்கு 1929இல் பத்துக் கட்டளைகள் எழுதினார். வாசகரை முன்பே தயார் செய்யாமல் இரட்டையரைக் கொண்டுவரக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. அதை எடுத்துக் காட்டினேன். "அப்படியானால் அவரையே எழுதச் சொல்லுங்கள்" என்று நோட்டை மூடிவிட்டு எழுந்து போனான். ஒரு வாரம் கதைப் பக்கமே வரவில்லை.

அந்த வாரத்தில்தான் காது மிஷின் விவகாரம். பிழையைத் திருத்த நான் பேனாவை எடுத்தேன். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். "திருத்தாதீர்கள் அம்மா. பாட்டி பொய் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்." வாசலில் யாரோ மணி அடித்தார்கள் என்று சொன்னதே பாட்டிதான். அப்படி யாரும் வரவில்லையென்றால்? நாங்கள் பாடுபட்டு வளர்த்த திருடன், அந்தச் சந்தேகக்கார மேனேஜர், ஒரே நொடியில் நிரபராதி ஆகிவிட்டார்.

மாமியாருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அவள் திருடவில்லை. மோதிரம் முதலில் அவளுடையதுதான். கேட்காமல் எடுத்து மருமகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். எழுதிக்கொள்" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தோம்: மோதிரத்தின் உட்புறம் தேய்ந்துபோன ஓர் எழுத்து. விஷயத்தைத் துளிகூட மகனிடம் சொல்லவில்லை. விடை தெரியாத ஓர் ஆள் வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய வரம் என்பது அப்போதுதான் புரிந்தது. கோபித்துக்கொண்டு போனவனைத் தாஜா செய்து நேற்றிரவு பிரதியைக் கையில் கொடுத்தோம். நான்கு பேரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் பக்கத்தைச் சாதாரணமாகப் புரட்டிவிட்டான். ஏழாம் பக்கத்தையும் புரட்டினான். எட்டாம் பக்கத்தின் நடுவில் நிறுத்தி, பழையபடி ஏழுக்குத் திரும்பினான்.

மகள் என் கையைக் கிள்ளினாள்.