புக்கிட் தீமா 'தீ மலை' அல்ல

"புக்கிட் தீமா என்பது 'தீ மா மலை' என்ற தமிழ்ப் பெயரின் திரிபு; அது பழைய எரிமலை" என்று சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றைப் பற்றி ஒரு செய்தி குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. என் பெரியம்மா காலை ஆறு மணிக்கே அனுப்பிவிட்டார். படித்ததும் எனக்கும் ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் செய்தி தவறு.

'புக்கிட்' என்றால் மலாயில் குன்று. 'தீமா' என்றால் வெள்ளீயம். எந்த மலாய் அகராதியிலும் பார்க்கலாம். குன்றில் வெள்ளீயச் சுரங்கம் ஏதும் இருந்ததில்லை என்பதால், 'தெமாக்' என்ற மரத்தின் பெயரே காதில் மாறி விழுந்து தீமா ஆயிற்று என்று சொல்வோரும் உண்டு. இரண்டும் மலாய்ச் சொற்களே. எரிமலைக் கதையும் நிற்காது. உச்சியில் 163.63 மீட்டர் என்று எழுதிய பாறையருகே படம் எடுத்திருப்பீர்களே, அந்தக் குன்று கருங்கல். எரிமலை வாயிலிருந்து வழிந்ததல்ல. நிலத்தடி ஆழத்தில் மெல்லக் குளிர்ந்து இறுகியது.

சென்னைத் தொடர்புதான் வேண்டுமென்றால் ஃபேபர் மலைக்குப் போங்கள். முன்பு தெலுக் பிளாங்கா குன்று. 1845இல் மதராஸ் பொறியாளர் படையின் கேப்டன் ஃபேபர் பெயர் சூட்டப்பட்டது. தமிழ்ச்சொல் வேண்டுமென்றால், மலாய்க்காரர் கடையை இன்றும் 'கெடாய்' என்கிறார்கள், கப்பலைக் 'கப்பால்' என்கிறார்கள்.

தேசிய நூலக வாரியத்தின் சிங்கப்பூர்த் தகவல் களஞ்சியத்தில் ஊர்ப்பெயர் விவரங்கள் இருக்கின்றன. அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள். பெரியம்மாவிடம் நான் சொல்லிவிட்டேன்.