உறைய வைத்தால் கிருமி சாகாது

"பருப்புச் சாத மசியலை ஃப்ரீசரில் வைத்துவிட்டால் கிருமியெல்லாம் செத்துவிடும், மிச்சத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி உறைய வைக்கலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பிக் குழந்தைக்கு ஊட்டிவிடாதீர்கள். மைனஸ் 18 டிகிரிக் குளிரில் பாக்டீரியா பெருகுவது நின்றுபோகிறது, அவ்வளவுதான். உருகியதும் மீண்டும் பெருகத் தொடங்கும்.

சோற்றில் ஆபத்து இன்னும் கூடுதல். அரிசியில் இருக்கக்கூடிய பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் (கடினமான உறைக்குள் உறங்கும் அதன் வடிவம்) கொதிநீரையும் தாங்கும். வெந்த சோறு அடுப்பு மேடையில் மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். அதில் ஒரு வகை நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் அழியாது. ஆகவே மசித்ததை அகலத் தட்டில் பரப்பி விரைவாக ஆற்றி, ஒரு மணி நேரத்துக்குள் ஐஸ் தட்டின் குழிகளில் நிரப்பி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். ஒரு வேளைக்குத் தேவையான கட்டிகளை மட்டும் எடுத்து, ஆவி பறக்கச் சூடாக்கி, ஆறவைத்து ஊட்டுங்கள். வாய்பட்ட கரண்டி நுழைந்த கிண்ணத்தில் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். மனம் கேட்காது, தெரியும். ஆனாலும் கொட்டத்தான் வேண்டும். மின்வெட்டில் முழுவதும் உருகிச் சூடேறிப்போனதையும் கொட்டிவிடுங்கள்.

கெடாமலிருக்கத் தேன் கலக்கலாம் என்று அவரே சொல்லும் யோசனை அதைவிட மோசம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூடக் கூடாது. அதிலிருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் பிஞ்சுக் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் பொட்டுலிசம் நோயைத் தரக்கூடும். வீட்டுச் சமையலின் சூடும் ஃப்ரீசரின் குளிரும் அந்த வித்துகளை அழிப்பதில்லை.