கேட்டில் ஒரு கேள்வி போதும்

ஓஎம்ஆர் பக்கம் பெரிய அடுக்குமாடிகளில் இருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். வெளியாள் யார் வந்தாலும் செக்யூரிட்டி தன் போனில் பெயர், நம்பர், ஃபிளாட் எண் எல்லாம் ஏற்றி, போட்டோவும் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புவார். அங்கிருந்து சம்மதம் வந்தால்தான் உள்ளே விடுவார். மைகேட், நோபுரோக்கர்ஹுட் மாதிரி செயலிகள் வந்தபின் சென்னை, பெங்களூரு எங்கும் இப்படித்தான்.

இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. பழைய ரெஜிஸ்டர் நோட்டில் யார் என்ன எழுதினாலும் சரிபார்க்க ஆள் கிடையாது. அதைவிட மோசம், அடுத்து வருபவர் மேலே இருக்கும் வரிகளைத் தாராளமாகப் படிக்கலாம். தனியாக வரும் ஒரு பெண்ணின் பெயர், செல் நம்பர், போகும் வீடு மூன்றும் ஒரே வரியில் கிடக்கும். இன்னும் பல இடங்களில் அந்த நோட்டு மேஜை மேல் இருக்கிறது என்பது பதற வைக்கிறது.

ஆனால் செயலி தரும் பாதுகாப்பு எல்லாமே ஒரே கேள்வியில் அடங்கிவிடுகிறது: இவர் வருவது அந்த வீட்டுக்குத் தெரியுமா? அதற்குப் பதில் கிடைத்தபின், சில இடங்களில் கேட்கும் ஆதார் நகல் எதற்கு? தனியார் நிறுவனங்கள் ஆதார் சரிபார்ப்பைப் பயன்படுத்த இடம் கொடுத்த பகுதியை 2018 செப்டம்பரிலேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தேவையான தகவலை மட்டும் வாங்கு, தேவை முடிந்ததும் அழித்துவிடு என்றுதான் சொல்கிறது. அப்படியிருக்க, ஒரு மணி நேரம் வந்துபோன சித்தப்பாவின் முகமும் நம்பரும் வருடக்கணக்கில் ஏதோ ஒரு சர்வரில் ஏன் கிடக்க வேண்டும்?

எனக்கு மனசு ஆறாதது வயசானவர்கள் விஷயம். ஃபிளாட் மகன் பெயரில் இருக்கும், பதிவான நம்பரும் அவருடையது. அவர் இருப்பதோ அமெரிக்காவில். இங்கே பகல் பதினோரு மணிக்கு அம்மாவைப் பார்க்க ஊரிலிருந்து அத்தை வந்து நிற்பார். அங்கே நடுராத்திரி, போன் சைலன்ட்டில் இருக்கும். வீட்டில் அம்மா உட்கார்ந்திருக்க, அத்தை வெயிலில் பையோடு நிற்பார். இது செயலியின் கோளாறு இல்லை. அம்மாவின் நம்பரையும் சேர்த்திருக்கலாம், முன்கூட்டியே ஒரு நுழைவு எண் அனுப்பியிருக்கலாம். ஆனால் ஸ்மார்ட்போனே இல்லாத வீடு என்ன செய்யும்? 'இப்போதான் ஆப் இருக்கே' என்று சொல்லிப் பல இடங்களில் இன்டர்காமைப் பராமரிப்பதையே விட்டுவிட்டார்கள். தயவுசெய்து அதைச் சரிசெய்யுங்கள். பட்டன் அமுக்கினால் வீட்டுக்குள் மணி அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் தினமும் வேலைக்கு வருபவர்கள். சில செயலிகளில் வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கு நட்சத்திரம் போடலாம். எத்தனை மணிக்கு வந்தார், எந்தெந்த வீட்டுக்குப் போகிறார் என்பதெல்லாம் அவருக்குச் சம்பந்தமே இல்லாத குடியிருப்பவர்களுக்கும் தெரியும். திரும்பிப் போகும்போது பையைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள். இதை நமக்கு யாராவது செய்தால் சம்மதிப்போமா? நம் அலுவலக நேரத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தால் சும்மா இருப்போமா? உள்ளே வர ஒரு அட்டையோ எண்ணோ போதும். மற்றதெல்லாம் அவமானம், அதில் பாதுகாப்பு ஒன்றும் இல்லை. டெலிவரி தம்பிகளை லிஃப்டில் ஏறாதே என்று சொல்வதும் அப்படித்தான்.

ஒரு வண்டியை மட்டும் எந்தக் கேள்வியும் கேட்காமல் விட வேண்டும். 108 வந்தால் தடுப்புக் கம்பி உடனே மேலே போக வேண்டும். எந்த பிளாக், ஸ்ட்ரெச்சர் எந்த லிஃப்டில் நுழையும் என்று இரவுப் பணியில் இருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் நிற்கும், அடிக்கடி ஆள் மாறும் வேலை அது. யாராவது சொல்லிக் கொடுத்தால்தானே அவருக்குத் தெரியும்?

உங்கள் அசோசியேஷனின் அடுத்த பொதுக்குழுவில் இதையெல்லாம் எழுப்புங்கள். கேட்டில் வாங்கும் தகவலை யார் யார் பார்க்க முடியும், எத்தனை நாளில் அழிப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். முப்பது நாளுக்கு மேல் வைத்திருக்கிறோம் என்றால் காரணம் சொல்லச் சொல்லுங்கள்.