வாழைப்பழத்தை விற்று 62 லட்சம் டாலர் சம்பாதித்தாரா கலைஞர்?

பிரிக்பீல்ட்ஸ் நண்பர்களின் புலனக் குழுக்களில் ஒரு செய்தி மீண்டும் சுற்றுகிறது: “சுவரில் ஒட்டிய வாழைப்பழத்தை 62 லட்சம் டாலருக்கு விற்று ஓவியர் பணக்காரரானார், வாங்கியவர் பழத்தைத் தின்றுவிட்டதால் படைப்பே அழிந்தது.” இரண்டுமே தவறு.

இத்தாலியக் கலைஞர் மவுரிசியோ கட்டெலான் 2019இல் மயாமி கலைச் சந்தையில் வைத்த படைப்பு அது. பெயர் ‘காமெடியன்’. அப்போதைய விலை 1,20,000 டாலர். 2024 நவம்பரில் நியூயார்க்கின் சோத்பீஸ் ஏலத்தில் கட்டணங்களோடு 62 லட்சம் டாலரைத் தாண்டியது. நம் மலேசியப் பணத்தில், அன்றைய மதிப்பில், 27 மில்லியன் வெள்ளிக்கும் மேல். ஆனால் அது மறுவிற்பனை. பணம் போனது முந்தைய உரிமையாளருக்கும் ஏல நிறுவனத்துக்கும்தான்.

அழியவும் இல்லை. வாங்கியவருக்குக் கிடைப்பது சான்றிதழும், பழத்தை எப்படி ஒட்டுவது என்ற குறிப்பும். பழம் அழுகினால் புதியது மாற்றிக்கொள்ளலாம். அதை ஏலத்தில் எடுத்த கிரிப்டோ நாணயத் தொழிலதிபர் ஜஸ்டின் சன் ஹாங்காங்கில் செய்தியாளர்கள் முன் தின்றது வெறும் பழத்தைத்தான்.

எதற்கும் விலை வைத்துவிடும் பணச் சந்தையைச் சீண்டவே பிறந்த படைப்பு, அதே சந்தையில் இத்தனை விலை போனது என்னை உறுத்துகிறது. அதைவிட, இந்தப் பகிர்வில் விடுபட்ட ஒருவர்தான் என் மனதை விட்டு அகலவில்லை. அன்று ஏலத்தில் தொங்கிய பழத்தை 35 அமெரிக்கக் காசுக்கு விற்றவர், வங்காளதேசத்திலிருந்து போன முதிய தெருவோரப் பழ வியாபாரி. ஏல விலையைச் செய்தியாளர் சொன்னபோது அவர் அழுதார்.